விடுதலையாகும் நாளுக்கு முன்பே

அன்புள்ள ஐயா,

ஹெராயின் பழக்கத்தால் என் தம்பி ஒன்றரை வருடமாகச் சிறையில் இருக்கிறான். வெளியே வர நான்கு மாதம்தான். இப்போது ஹெராயின் ஆசையை அடக்கும் மெத்தடோன் என்ற மருந்தைத் தரலாம் என்கிறார்களாம். “அதுதான் விட்டுப்போச்சே, எதற்கு இன்னொரு போதை?” என்கிறார் அப்பா. எனக்கும் குழப்பம்தான்.

ஒரு வாசகி, செந்தூல்

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவின் கேள்வி நியாயமானது. ஆனால் உள்ளே இருக்கும் மாதங்களில் ஹெராயினைத் தாங்கும் சக்தி உடம்பிலிருந்து போய்விடும், ஆசை போகாது. வெளியே வந்ததும் பழைய கூட்டாளி கூப்பிடுவான். இவனும் பழைய அளவையே போட்டுக்கொள்வான். அந்த அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வந்த ஆய்வில், முதல் 2 வாரங்களில் போதை மிகுதியால் சாகும் ஆபத்து அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு.

பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பையன் வெள்ளிக்கிழமை மாலை சிறையிலிருந்து வந்து இறங்கினான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் இரண்டு சட்டை. மருந்தும் இல்லை, கிளினிக்குக்குக் கடிதமும் இல்லை. திங்கட்கிழமை கூட்டிப்போகலாம் என்றிருந்தோம். ஞாயிறு விடிவதற்குள் அவன் அம்மா என் கதவைத் தட்டினார். இன்னும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

மெத்தடோன் ஒரு நாளைக்கு ஒருமுறை குடிக்கும் மருந்து. அரசாங்கக் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன்: சின்னக் கப்பில் ஊற்றித் தருவார்கள், அவர்கள் கண்ணெதிரே குடித்துவிட்டு, விழுங்கியாயிற்று என்று தெரிய இரண்டு வார்த்தை பேசிக்காட்ட வேண்டும். ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், மறுபடி தேடச் சொல்லும். இது நாள் முழுக்க நின்று அந்தத் தேடலை அடக்குகிறது. அளவு சரியாக இருந்தால் போதை ஏறாது, வேலைக்குப் போகலாம்.

நம் மலேசியாவுக்கு இது புதிதும் அல்ல. வெளியே 2005இல் தொடங்கியது, 2008இல் கிளந்தானின் பெங்காலான் செப்பா சிறைக்குள்ளும் வந்தது. அங்கிருந்து நாளுக்கு 80 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தபடி வெளியே வந்தவர்களே சிகிச்சையில் அதிகம் நிலைத்தார்கள். ஆனால் ஒன்றரை வருடம் எதுவும் தொடாத உடம்புக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். அதனால்தான் இந்த நான்கு மாதம் முக்கியம்.

முடிவு உங்கள் தம்பியுடையது. குடும்பம் பின்னால் நிற்கிறது என்று அடுத்த சந்திப்பில் சொல்லுங்கள். வெளியே எந்தக் கிளினிக், யார் கடிதம் தருவார்கள் என்று இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருந்தோடு மதுவோ தூக்க மாத்திரையோ கூடவே கூடாது. விடுதலை நாளில் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வாசலில் நில்லுங்கள். முதலில் கிளினிக், அப்புறம் வீட்டுச் சாப்பாடு.