மலை இறக்கத்தில் பிக்கப்பும் எக்ஸாஸ்ட் பிரேக்கும்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் சீரியல் விளக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடும் தொழில் செய்கிறேன். 2016 மாடல் பொலிரோ பிக்கப் வைத்திருக்கிறேன். 1,200 கிலோ எடையுள்ள ஜெனரேட்டர் டிராலியை இழுத்துக்கொண்டு, ஆலங்காயம் வழியாக ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஆடி மாதத்தில் பலமுறை போய் வருவேன். ஏறும்போது சிக்கல் இல்லை. இறங்கும்போது பாதி மலையிலேயே பிரேக் லைனிங் கருகும் வாடை வருகிறது. போன முறை ஒரு வளைவில் பெடல் தரைவரை போய்விட்டது, இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகே வண்டி நின்றது. பழைய லாரியில் கழற்றிய, புகைக் குழாயை அடைத்து வண்டியை மெதுவாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பொருத்தித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். பொருத்தலாமா? – ஒடுகத்தூர் வாசகர்

பதில்: பெடல் தரைவரை போனது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிக்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். கருகும் வாடையும் பெடல் இறங்குவதும் வேறு வேறு கோளாறுகள். லைனிங் மட்டும் சூடேறிப் பிடிப்பை இழந்திருந்தால், பெடல் கல் போலக் கெட்டியாக இருக்கும், வண்டிதான் நிற்காது. பெடல் பஞ்சு போல இறங்கி, மீண்டும் மீண்டும் மிதித்தால் பிடிக்கிறது என்றால், சக்கரத்தின் அருகே பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அந்தத் தாங்குதிறன் 140 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்ற வேண்டிய ஆயிலை, குறைந்தபோதெல்லாம் மேலே ஊற்றி நிரப்புவதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். ஆகவே அடுத்த மலைப் பயணத்துக்கு முன், பழைய ஆயிலை முற்றிலும் வெளியேற்றிப் புதிய ஆயில் ஊற்றி, குழாய்களில் தங்கிய காற்றை எடுத்து, பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் சோதித்துவிடுங்கள். இது எக்ஸாஸ்ட் பிரேக்கைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடிய வேலை அன்று.

இனி, அந்த ஆயில் ஏன் கொதிக்கிறது என்று பார்ப்போம். சரக்கோடு வண்டி 2,300 கிலோ, டிராலி 1,200 கிலோ, ஆக 3,500 கிலோ என்றும், இறக்கம் 500 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், நாலு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. டயர் உராய்வும் காற்றும் இன்ஜினும் வாங்கிக்கொண்டது போக மீதி வெப்பம் முழுவதும் பிரேக்குகளில்தான் இறங்குகிறது. உங்கள் டிராலிக்குத் தனி பிரேக் இருப்பதாகக் கடிதத்தில் குறிப்பு இல்லை. இல்லையென்றால், அதன் வெப்பத்தையும் பிக்கப்பின் நான்கு சக்கரங்களே சுமக்கின்றன.

டீசல் இன்ஜினில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் காற்றுப் பாதையை அடைக்கும் வேலை பெட்ரோல் இன்ஜினில் நடப்பது போல நடப்பதில்லை என்பதால், அது வண்டியைப் பிடித்து நிறுத்தும் விசை குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் எக்ஸாஸ்ட் பிரேக். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்குப் பின்னால், சைலன்சர் குழாயில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அது மூடும்போது வெளியேற முடியாத காற்றை எதிர்த்துப் பிஸ்டன் தள்ள வேண்டியிருப்பதால் இன்ஜின் இழுபடும். உங்கள் 2,523 சி.சி. இன்ஜினில், குழாயில் கூடுதலாக 2 பார் அழுத்தம் தங்கினால், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஏறக்குறைய 12 கிலோவாட் அளவுக்கு அது பிடிக்கும். 1,500 சுற்றில் அதில் பாதிதான். நான்காவது கியரில் ஊர்ந்துகொண்டு எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுப் பயனில்லை என்பது இதிலேயே விளங்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே அவர்கள் கண்டறிந்தது.

லாரியில் கழற்றியதைப் பொருத்தும் யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன். லாரியின் தகடு காற்று பிரேக்கின் அழுத்தத்தில் இயங்குவது. உங்கள் வண்டியில் காற்று டாங்கி கிடையாது. குழாயின் விட்டமும் பொருந்தாது. இதையெல்லாம் வெல்டிங் வைத்துச் சமாளிக்கலாம் என்று பட்டறையில் சொல்லக்கூடும். சமாளிக்க முடியாதது வால்வு ஸ்பிரிங். பின்னழுத்தம் அளவு மீறினால், வெளியேற்று வால்வின் முதுகில் அழுத்தி, மூடியிருக்க வேண்டிய நேரத்தில் அதைச் சற்றுத் தூக்கிவிடும். பிறகு அந்த வால்வு, தான் உட்காரும் வளையத்தில் அடித்து அடித்து உட்காரும். எந்த இன்ஜினுக்கு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது அதன் ஸ்பிரிங்கைப் பொறுத்தது. அதனால்தான் முறையாகத் தயாரிக்கப்பட்ட தகட்டில் அழுத்தம் ஓரளவுக்கு மேல் போகாமல் காக்கச் சிறு துளையோ, தானே திறக்கும் ஏற்பாடோ இருக்கும்.

உங்கள் இன்ஜினுக்கென்றே செய்யப்பட்ட அமைப்பு கிடைத்தால், அதை மின் மோட்டாரால் இயங்கும் வகையில் வாங்குங்கள். வெற்றிடத்தால் இயங்குவதைப் பொருத்தினால், பெடல் மிதியின் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் வெற்றிடத்தில் அது பங்கு கேட்கும். ஒரு குழாய் கழன்றால் இரண்டும் போகும். கிளட்சையோ ஆக்ஸிலரேட்டரையோ மிதித்தவுடன் தகடு திறக்கும்படி சுவிட்சுகள் இருப்பது கட்டாயம். இல்லையேல் கியர் மாற்றும் நொடியில் இன்ஜின் அணைந்து, மலை நடுவில் பூஸ்டரும் கைவிட்டுவிடும். பெடலைத் தொடாமலே வண்டி வேகம் குறைவதால், பின்னால் வருபவருக்குத் தெரியும்படி ஸ்டாப் லைட்டையும் அதோடு இணைக்கச் சொல்லுங்கள். பதிவுச் சான்றின் விவரம் மாறும்படியான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுப்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வதும் நல்லது.

இன்னொன்றும் உண்டு. எக்ஸாஸ்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டுமே. டிராலியை அது பிடிப்பதில்லை. ஐப்பசி மழையில் நனைந்த வளைவில், பின் சக்கரம் பிடிபட்டு நிற்க, பின்னாலிருந்து 1,200 கிலோ தள்ளினால், வண்டி கத்திரிக்கோல் போல மடியும். ஆகவே உங்கள் பணத்தை முதலில் டிராலியின் பிரேக்கில் போடுங்கள் என்பதே என் கருத்து. டிராலி முன்னால் தள்ளும் விசையாலேயே அதன் சொந்த பிரேக் பிடிக்கும்படி இணைப்புக் கம்பியில் அமைக்கும் ஓவர்ரன் பிரேக், இந்த எடைக்கு ஏற்றது. அதையும் புது ஆயிலையும் வைத்துக்கொண்டு, மலை உச்சியிலேயே இரண்டாவது கியருக்கு வந்து இறங்கிப் பாருங்கள். பெடலைத் தொடர்ந்து தேய்க்காமல், வேகம் கூடும்போது ஒருமுறை அழுத்தமாக மிதித்து விட்டுவிடுங்கள். அப்படியும் வாடை வந்தால், அப்போது எக்ஸாஸ்ட் பிரேக்கை யோசிக்கலாம்.

கேள்வி: பேரணாம்பட்டு மலைச் சாலையில் நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிச்சமாகும் என்கிறார்களே, உண்மையா? – குடியாத்தம் வாசகர்

பதில்: டீசல் தெளிப்பை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் இன்றைய காமன் ரெயில் டீசல் வண்டிகளில் உண்மை இல்லை. கியரில் இருக்கையில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் டீசல் தெளிப்பு நின்றுவிடும். நியூட்ரலில் போட்டாலோ இன்ஜின் ஓடுவதற்கென்று டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும். சிலர் சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். அந்த நிலையில் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் சில மிதிகளுக்குத்தான் வரும்.