மூன்று சமக்குறி போட்டால் போதுமா?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தின் ஆன்லைன் கடைக்கு நிரல் எழுதும் வேலையில் இருக்கிறேன். படித்தது வணிகவியல். நிரல் எழுதக் கற்றுக்கொண்டது வேலைக்கு வந்த பிறகுதான். சென்ற மாதம் சர்வரில் பிஎச்பி என்ற நிரல் மொழியின் 7.4 பதிப்பிலிருந்து 8-க்கு மாறினோம். குடோனில் சரக்கே இல்லாத சில உருப்படிகள் கடையில் 'இருப்பு உண்டு' என்று காட்ட ஆரம்பித்தன. தேடிப் பார்த்தால், குடோனிலிருந்து தினமும் வரும் சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளி போட்டுக் கட்டங்களைப் பிரித்த எழுத்துக் கோப்பு) அந்த உருப்படிகளுக்கு இருப்புக் கட்டம் காலியாக இருக்கிறது. நிரலில் $இருப்பு == 0 என்றால் 'இருப்பு இல்லை' என்று எழுதியிருக்கிறது. பழைய பிஎச்பியில் இது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் டீம் லீட் அண்ணன், "இரண்டு சமக்குறி போடுவதே தப்பு, எல்லா இடத்திலும் மூன்றாக மாற்றிவிடு" என்றார். மாற்றினேன். இப்போது கோப்பில் தெளிவாக 0 என்று இருக்கும் உருப்படிகள்கூட 'இருப்பு உண்டு' என்கின்றன.

இரண்டும் தப்பு, மூன்றும் தப்பு என்றால் எதைத்தான் போடுவது? ஒரே கேள்விக்கு ஒரு மொழி நேற்று ஒன்றும் இன்று ஒன்றும் சொன்னால் அதை எப்படி நம்புவது? பைத்தான் மொழியில் இந்தத் தொல்லை இல்லை என்கிறார்கள். அதற்கு மாறிவிடலாமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

எத்தனை சமக்குறி என்பதைப் பிறகு பார்க்கலாம். குடோன்காரர் அந்தக் கட்டத்தை ஏன் காலியாக விட்டார் என்று கேட்டீர்களா? சரக்கு தீர்ந்துவிட்டதா, இன்னும் எண்ணி முடியவில்லையா, அந்த ரகத்தையே நிறுத்திவிட்டார்களா? மூன்றுக்கும் கடைப் பக்கம் மூன்று விதமாக நடந்துகொள்ள வேண்டும். உங்கள் நிரல் இதை ஒருநாளும் விசாரித்ததில்லை. காலி என்றால் பூஜ்யம் என்று பிஎச்பி 7 தானாகவே முடிவு கட்டியது. அந்த முடிவு உங்களுக்குத் தற்செயலாக ஒத்துப்போனதால் யாருக்கும் உறுத்தவில்லை. பிஎச்பி 8 அந்த முடிவைக் கைவிட்டதும் விஷயம் வெளியே வந்துவிட்டது.

நடந்தது இதுதான். சிஎஸ்வியிலிருந்து படிப்பது எல்லாமே ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எழுத்துகளின் தொடராகத்தான் வரும். கோப்பில் 0 என்று இருந்தால் உங்கள் கைக்கு வருவது "0" என்ற எழுத்து. மூன்று சமக்குறி (===) முதலில் வகையைப் பார்க்கும். ஒரு பக்கம் ஸ்ட்ரிங், மறுபக்கம் எண் என்றால் மதிப்பைத் தொடாமலே பொய் என்று சொல்லிவிடும். அதனால் "0" === 0 எப்போதுமே பொய், எல்லா உருப்படியும் 'உண்டு'. நீங்கள் கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

இரண்டு சமக்குறி வகை வேறுபட்டால் ஏதோ ஒரு பக்கத்தை மாற்றியாக வேண்டும். எந்தப் பக்கத்தை என்பதில்தான் வம்பு. பிஎச்பி 7 வரை விதி ஒன்றுதான்: எண்ணும் ஸ்ட்ரிங்கும் எதிரெதிரே வந்தால் ஸ்ட்ரிங்கை எண்ணாக்கு, ஆகாவிட்டால் 0 என்று வைத்துக்கொள். இதனால் 0 == "" மெய், 0 == "பனியன்" என்பதும் மெய். 2020 நவம்பர் 26-இல் வெளியான 8.0-இல் இது திருத்தப்பட்டது. திருத்தத்தை முன்வைத்தவர் நிகிதா போபோவ். இப்போது ஸ்ட்ரிங் எண் வடிவத்தில் இருந்தால் மட்டுமே அது எண்ணாக மாறும். இல்லாவிட்டால் எண்தான் ஸ்ட்ரிங்காக மாறும். 0 என்பது "0" ஆகும், "0" காலி ஸ்ட்ரிங்குக்குச் சமமில்லை. உங்கள் காலிக் கட்டங்கள் 'இருப்பு உண்டு' ஆனது இந்த வழியில்தான்.

நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்லும் மொழியை எப்படி நம்புவது என்கிறீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தத் திருத்தம் தேவைதான் என்று நினைக்கிறேன். 1995-இல் ரஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பிக்கு வலைப் படிவங்களைக் கையாளுவதும் ஒரு வேலை. படிவத்திலிருந்து வயது வந்தாலும் விலை வந்தாலும் எழுத்தாகத்தான் வரும். ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்றி எழுத வைத்தால் புதிதாக வருபவர் திணறுவார். மாற்றும் வேலையைச் சமக்குறியே செய்துகொள்ளட்டும் என்று விட்டது அந்தக் காலத்துக்குப் பெரிய வசதி. அந்த வசதி எங்கெல்லாம் போய் நின்றது என்பதுதான் கவலைக்குரியது.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், அதிலிருந்து கணக்கிட்ட ஹேஷ் என்ற அடையாளத் தொடரை வைப்பது வழக்கம்; அப்படிக் கணக்கிடும் ஒரு பழைய முறை எம்டி5. 240610708 என்பதை எம்டி5-இல் போட்டால் வரும் ஹேஷ் 0-வில் தொடங்கும். அடுத்து ஆங்கில 'ஈ' (e) எழுத்து, அதற்குப் பிறகு முழுக்க இலக்கங்கள். பிஎச்பி இதைப் 'பூஜ்யம் பெருக்கல் பத்தின் இத்தனையாவது அடுக்கு' என்று வாசிக்கும், அதாவது பூஜ்யம். இதே வடிவத்தில் ஹேஷ் தரும் வேறு சொற்களும் உண்டு. ஒருவருடைய கடவுச்சொல்லின் ஹேஷ் இந்த வடிவத்தில் அமைந்து, சரிபார்க்கும் இடத்தில் இரண்டு சமக்குறி இருந்துவிட்டால், அதே வடிவ ஹேஷ் தரும் வேறொரு சொல்லைப் போட்டு யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம். இரண்டு பக்கமும் ஸ்ட்ரிங்தான், ஓர் எழுத்துகூட ஒத்துப்போக வேண்டியதில்லை. பிஎச்பி 8-இலும் இது அப்படியே இருக்கிறது, ஏனென்றால் இரண்டுமே 'எண் வடிவ' ஸ்ட்ரிங்குகள். ஹேஷ்களை ஒப்பிட ஹேஷ்_ஈக்குவல்ஸ் என்ற செயற்கூறு 5.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. உங்கள் கடைக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் ரகக் குறியீடுகளில் 2-க்கும் 3-க்கும் நடுவே அந்த 'ஈ' எழுத்து வரும் குறியீடு ஏதாவது இருந்தால், அதுவும் "2000" என்ற குறியீடும் இரண்டு சமக்குறிக்கு ஒன்றேதான்.

கடையின் முன்பக்கம், அதாவது வாங்குபவரின் உலாவியில் ஓடும் பகுதி, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில்தான் இருக்கும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே 'மதிப்பே இல்லை' என்பதைக் குறிக்கும் சொல் நல் (null). நல் == 0 பொய், நல் > 0 பொய், ஆனால் நல் >= 0 மெய். சமமும் இல்லை, பெரிதும் இல்லை, ஆனால் 'பெரிது அல்லது சமம்' மட்டும் மெய். முதல்முறை பார்ப்பவருக்கு மொழியே பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். காரணம் எளிது. பெரிது, சிறிது பார்க்கும் குறிகள் நல்லை 0 ஆக்கிவிட்டு ஒப்பிடுகின்றன. இரண்டு சமக்குறிக்கு மட்டும் தனி விதி: நல் தனக்கும் அன்டிஃபைன்ட்டுக்கும் (இன்னும் மதிப்பு தரப்படாதது) மட்டுமே சமம். ஒவ்வொரு விதியும் தனித்தனியாக நியாயமாகத்தான் இருக்கிறது. சேர்த்து வைத்தால் மனிதர் யாரும் எதிர்பார்க்காத விடை வருகிறது.

1995-இல் பிரெண்டன் ஐக், நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் அந்த மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார் என்பது பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத ஒன்று, நெட்ஸ்கேப் ஒருமுறை இதைத் திருத்தப் பார்த்தது. ஜாவாஸ்கிரிப்ட் 1.2-இல் இரண்டு சமக்குறி வகையை மாற்றாமல் ஒப்பிட்டது. ஏற்கெனவே எழுதப்பட்ட பக்கங்கள் பழைய நடத்தையை நம்பியிருந்தன, எனவே 1.3-இல் பழையபடியே ஆக்கிவிட்டு, கறாரான ஒப்பீட்டுக்கு மூன்று சமக்குறியைக் கொண்டுவந்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் அதிகாரபூர்வத் தர வரையறையான எக்மாஸ்கிரிப்ட்டின் மூன்றாம் பதிப்பு 1999 டிசம்பரில் வந்தது, அதில் அது தரமானது. ஒரு மொழி தன் சமக்குறியைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது நல்ல சான்று. பிஎச்பிக்கு அதில் ஒரு பகுதியைச் செய்யவே 25 வருடம் ஆகியிருக்கிறது.

உங்கள் கடையில் 'விலை குறைந்தது முதல்' என்ற பொத்தான் இருக்கிறதா? அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விலைகள் ஸ்ட்ரிங்காக வந்திருந்தால் 1000 ரூபாய்ச் சரக்கு 250 ரூபாய்ச் சரக்குக்கு முன்னால் நிற்கும். இரண்டு பக்கமும் ஸ்ட்ரிங் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் அகராதி வரிசையில்தான் பார்க்கும், 1 என்ற எழுத்து 2-க்கு முன்னால் வரும். "10" < "9" மெய், "10" < 9 பொய். இதில் மூன்று சமக்குறிக்கு வேலையே இல்லை, சிறிது பெரிது பார்ப்பதற்கு அப்படி ஒரு கறாரான குறி ஜாவாஸ்கிரிப்ட்டில் கிடையாது. மூன்றாக மாற்றினால் தீர்ந்தது என்று நம்புகிறவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது.

இனி பைத்தான். பைத்தான் 2-இல் எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் சிறிது பெரிது பார்த்தால் எந்த எண்ணும் எந்த ஸ்ட்ரிங்கையும்விடச் சிறிது என்று பதில் வந்தது. அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை, பட்டியலை அடுக்க ஏதோ ஒரு வரிசை வேண்டும் என்பதற்காக வைத்தது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 அதை எடுத்துவிட்டது. இப்போது 1 < "1" என்று எழுதினால் டைப்எரர் (வகைப் பிழை) காட்டி நின்றுவிடும். ஒப்பிடவே முடியாததை ஒப்பிடச் சொன்னால் முடியாது என்று சொல்கிற மொழியை நான் மதிக்கிறேன். ஆனால் சமக்குறியில் பைத்தானும் வாய் திறக்காது. 1 == "1" பிழை இல்லை, சத்தமில்லாமல் பொய். பயனர் தட்டச்சு செய்வதை வாங்கும் இன்புட் செயற்கூறு தருவது எப்போதும் ஸ்ட்ரிங் என்பதை மறந்து அதை நேராக 5-உடன் ஒப்பிட்டுவிட்டு, ஏன் ஒருமுறைகூட மெய்யாகவில்லை என்று முழிக்கும் மாணவர்களின் கடிதங்கள் எனக்குத் தொடர்ந்து வருகின்றன. உங்கள் சிஎஸ்வியைப் பைத்தானில் படித்து == 0 என்று எழுதியிருந்தால், மூன்று சமக்குறி தந்த அதே தவறான பக்கம்தான் வந்திருக்கும். மாற விரும்பினால் வேறு காரணங்களுக்காக மாறுங்கள்.

பைத்தானில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக்கும் இன்ட் செயற்கூற்றில் இன்ட்("௧௨") என்று எழுதினால் 12 வரும். யூனிகோடு தமிழ் இலக்கங்களுக்குத் தசம மதிப்பு கொடுத்திருக்கிறது, பைத்தான் அதை மதிக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் இதையே எண் இல்லை என்று தள்ளும், பிஎச்பிக்கும் அது எண் வடிவம் அல்ல. ஆனால் பழைய முறைப்படி ௰௨ என்று பன்னிரண்டை எழுதினால் பைத்தானும் ஏற்காது. ௰ யூனிகோடில் எண்தான், தசம இலக்கம் இல்லை. எது எண் என்பதில்கூட மொழிக்கு மொழி கருத்து மாறும்போது, அதைச் சமக்குறியின் கையில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். சிஎஸ்வி வரி உங்கள் நிரலுக்குள் நுழையும் இடத்திலேயே வகையைத் தீர்மானித்துவிடுங்கள். கட்டம் காலி என்றால் நல். முழு எண் என்றால் எண். இரண்டும் இல்லை என்றால் அந்த வரியை ஏற்காமல் குடோனுக்குத் திருப்பிவிடுங்கள். இதற்கு பிஎச்பியில் (இன்ட்) என்று முன்னால் ஒட்டி முழு எண்ணாக மாற்றுவது போதாது. அது காலியை மறுபடியும் 0 ஆக்கிவிடும். அதைவிட மோசம், எக்ஸெல்லில் யாராவது காற்புள்ளியுடன் "1,250" என்று வைத்திருந்தால் காற்புள்ளிக்கு முன்னால் நிறுத்தி 1 என்று தந்துவிடும். ஆயிரத்து இருநூற்றைம்பது பனியன் ஒரு பனியனாகிவிடும், எந்தப் பிழையும் காட்டாது. மதிப்பைச் சோதிக்கும் ஃபில்டர்_வார் என்ற செயற்கூற்றை முழு எண் சோதனையுடன் பயன்படுத்துங்கள், அது காலியையும் "1,250"-ஐயும் ஏற்காமல் ஃபால்ஸ் (பொய்) என்று திருப்பித் தரும். அந்த விடையைக் கட்டாயம் === ஃபால்ஸ் என்றே சோதியுங்கள். வெறும் 'இல்லை' குறி (!) போட்டுச் சோதித்தால், சரியாக 0 என்று வந்த இருப்பும் தவறானதாகக் கணக்காகிவிடும். ரகக் குறியீடு, பின்கோடு, கைப்பேசி எண் இவற்றைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை, அவை ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும்.

வாசலில் இதைச் செய்துவிட்டால் உள்ளே $இருப்பு === 0 என்பது நீங்கள் நினைக்கும் பொருளிலேயே வேலை செய்யும். காலிக்கு என்ன காட்டுவது என்பதை குடோனிடம் கேட்டு, நல்லுக்குத் தனியாக எழுதுங்கள்.

டீம் லீட் சொல்லி மொத்தமாக மாற்றிய மூன்று சமக்குறிகளை இப்போதைக்குத் திரும்ப எடுத்துவிட்டு, ஒவ்வோர் இடமாக இரண்டு பக்கமும் என்ன வகை வருகிறது என்று பார்த்து மாற்றுங்கள். டேட்டாபேஸிலிருந்து வரும் மதிப்புகளில் கூடுதல் கவனம் வேண்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை பிடிஓ (டேட்டாபேஸுடன் பேச பிஎச்பி தரும் இணைப்பு) வழியாக, எமுலேட்டட் பிரிப்பேர் முறையில் (கேள்வியில் மதிப்புகளை டேட்டாபேஸுக்குப் பதில் பிடிஓவே நிரப்பும் முறை) படித்தால், 8.0 வரை எண்கள் ஸ்ட்ரிங்காக வந்தன, 8.1 முதல் எண்ணாகவே வருகின்றன. 8.0-இல் === "0" என்று எழுதி வைத்தால் அடுத்த பதிப்பில் அது உடையும். தேடும்போது சமக்குறியை மட்டும் தேடாதீர்கள். ஒரு மதிப்பைப் பார்த்துப் பல வழிகளில் ஒன்றுக்குப் பிரிக்கும் ஸ்விட்ச் உள்ளுக்குள் இரண்டு சமக்குறியால்தான் ஒப்பிடுகிறது, ஒரு பட்டியலில் மதிப்பு இருக்கிறதா என்று தேடும் இன்_அரேயும் அப்படித்தான். இன்_அரேக்கு மூன்றாவது மதிப்பாக ட்ரூ (மெய்) கொடுத்தால் கறாராகப் பார்க்கும். ஸ்விட்சுக்குப் பதில் 8.0-இல் வந்த மேட்ச் இருக்கிறது, அது எப்போதும் கறார்தான். ரகக் குறியீட்டை வைத்து ஸ்விட்ச் எழுதியிருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.