பிரேக் ஷூ: வாங்குவது, மாட்டுவது, திருப்பிக் கொடுப்பது

கேள்வி: என்னிடம் எட்டு வருட ஸ்ப்ளெண்டர் இருக்கிறது. பின் பிரேக்கை மிதித்தால் கரகரவென்று சத்தம். சர்வீஸுக்கு விட்ட இடத்தில், “ஷூ போச்சு, டிரம்மும் தேய்ஞ்சிடுச்சு, ரெண்டையும் மாத்தணும்” என்கிறார்கள். ஷூவை நானே வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா? – வாசகர், கரூர்

பதில்: தாராளமாகப் போடலாம். ஷூ என்பது சக்கரத்தின் நடுவிலுள்ள டிரம் என்ற உருளைக்குள் விரிந்து உரசி வண்டியை நிறுத்தும் பிறை வடிவத் துண்டு. அது உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். இதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். பெடலிலிருந்து வரும் பிரேக் ராடு (கம்பி) சேரும் ஆர்முக்கு, அதாவது சின்ன நெம்புகோலுக்கு, அடியில் சின்ன அம்புக்குறித் தகடு இருக்கும். பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பாருங்கள். அம்பு, பேனலில் (டிரம்மை மூடியிருக்கும் தட்டில்) உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. தொடவில்லையென்றால் பெரும்பாலும் உள்ளே தூசி அடைத்திருக்கும், இல்லை லைனர் (ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராயும் பட்டை) பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். சுத்தம் செய்து உப்புத்தாள் போட்டாலே சரியாகிவிடும்.

சில மெக்கானிக்குகள் தேய்ந்த ஷூவை இன்னும் கொஞ்ச நாள் ஓட்ட, ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். ஆர்மிலும், ஷூவைத் திரும்பி விரிக்கும் கேமின் முனையிலும் உள்ள புள்ளிகள் நேராக இல்லையென்றால் அந்த வேலை நடந்திருக்கிறது என்று பொருள். பிரேக் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, ஷூ பழைய நிலைக்கு வராமல் சக்கரம் இறுகிக்கொள்ளலாம். இந்தச் சிக்கனம் வேண்டாம்.

டிரம் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஸ்ப்ளெண்டர் டிரம்மின் விட்டம் 130 மி.மீ. எவ்வளவு தேயலாம் என்ற உச்ச அளவு ‘MAX’ என்ற எழுத்துகளோடு டிரம்மிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் “மாத்தணும்” என்றால் சம்மதிக்காதீர்கள். டிரம்மைத் தனியாக மாற்ற முடியாது, ஹப்பையோ (சக்கரத்தின் நடுப்பகுதி) அலாய் சக்கரத்தையோ மாற்ற வேண்டிவரும். ஷூவுக்குச் சில நூறு ரூபாய்தான், சக்கரத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆகும்.

கடைக்குப் போகும்போது வண்டியின் மாடலையும் வருடத்தையும் சொல்லுங்கள். ‘130 டிரம்’ என்று மட்டும் கேட்டால் வேறு வண்டியின் ஷூ கைக்கு வரலாம். முடிந்தால் பழைய ஷூவைப் பக்கத்தில் வைத்து அகலத்தையும் கேம் உட்காரும் முனையையும் ஒப்பிடுங்கள். கம்பெனி ஷூதான் என்றில்லை, வண்டிக் கம்பெனிகளுக்கே செய்து தரும் தயாரிப்பாளர்களின் பெட்டியும் நல்லதுதான். பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் முகவரி, மாதம், வருடம் இல்லையென்றால் தொடாதீர்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் ஜி.எஸ்.டி. தனி என்று யாராவது சொன்னால் அது தவறு. எல்லா வரியும் அதற்குள்ளேயே அடக்கம்.

இனி வேலை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பிரேக் ராடு நட்டு, பேனலைச் சுழலாமல் பிடித்திருக்கும் ஸ்டே ராடு, ஆக்ஸில் நட்டு என்ற வரிசையில் கழற்றி ஆக்ஸிலை (சக்கரத்தின் நடுவில் போகும் தண்டை) உருவுங்கள். வாஷர், ஸ்பேசர் எல்லாம் எந்தப் பக்கம் இருந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. பேனலை வெளியே எடுத்ததும் கறுப்புத் தூசி கொட்டும். வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்கவும் வேண்டாம். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இரண்டு ஷூவையும் ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பிடித்து, புத்தகத்தை மூடுவதுபோல் மடக்கினால் கையோடு வந்துவிடும். புதியதை மாட்டுவதும் அப்படியே, தலைகீழாக. ஸ்பிரிங் விரலைக் கவ்வும், ஜாக்கிரதை. கேமிலும், ஷூவின் மறுமுனை உட்காரும் எதிர்ப்பக்க முளையிலும் (பின்) துளி கிரீஸ் தடவினால் போதும். லைனரில் கிரீஸ் பட்டால் அந்த ஷூ வீண். டிரம்மின் உட்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள்.

மாட்டும்போது ஆக்ஸில் நட்டை இறுக்குவதற்கு முன் பெடலை அழுத்திப் பிடியுங்கள், ஷூ நடுவில் உட்காரும். ஸ்டே ராடை மறந்தால் பிரேக் பிடித்ததும் பேனல் சுழன்று சக்கரமே லாக் ஆகிவிடும். ஸ்டே ராடின் நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. பெடல் 20 முதல் 30 மி.மீ. வரை சும்மா இறங்கிய பிறகுதான் பிரேக் பிடிக்க வேண்டும். புது ஷூ டிரம்மோடு பொருந்தச் சில நாள் ஆகும், அதுவரை நிதானமாக ஓட்டுங்கள்.

கேள்வி: ஆக்டிவாவுக்கும் இதே மாதிரி செய்யலாமா?

பதில்: பின்பக்கத்தை மெக்கானிக்கிடமே விடுங்கள். சைலன்சரைக் கழற்ற வேண்டும், ஆக்ஸில் நட்டும் வீட்டு ஸ்பேனருக்கு அசையாது. இடது லீவரைப் பிடித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு வேறு இருக்கிறது, செட்டிங் பிசகினால் வம்பு. பில்லில் பார்ட்ஸையும் கூலியையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். பழைய ஷூவைக் கையில் வாங்காமல் வராதீர்கள்.

கேள்வி: புதிதாகப் போட்ட ஷூவில் இரண்டே வாரத்தில் லைனர் பெயர்ந்து வந்துவிட்டது. “விற்ற பொருள் வாபஸ் இல்லை” என்கிறார் கடைக்காரர்.

பதில்: வெறும் சத்தம் என்றால் தூசியாகவும் இருக்கலாம். லைனர் அலுமினியத்திலிருந்து பெயர்ந்தால் அது ஒட்டின கோளாறு, உங்கள் கோளாறு இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். கடை வாசலில் போர்டு தொங்குவதால் இது மாறாது. பில், பெட்டி, பெயர்ந்த ஷூவின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. ஷூவை மட்டும் கடைக்காரர் கையில் ரசீதில்லாமல் கொடுத்துவிடாதீர்கள்.