இடையில் நிற்பவர்

அன்புள்ள ஐயா,

நான் ஸ்வீடனில், கோத்தன்பர்கில் இயந்திரப் பொறியியல் முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் திருவள்ளூர் பக்கம். இங்கே மாணவர்கள் ஆசியாவுக்கு ஒரு கல்விப் பயணம் போவார்கள். அதற்காக ஒரு வருடம் நிறுவனங்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் செய்துகொடுத்துப் பணம் சேர்ப்பார்கள். இந்த முறை நானும் போனேன். டோக்கியோ, ஷாங்காய், சிங்கப்பூர், கடைசியாகச் சென்னை. காலையில் ஒரு நிறுவனம், மதியம் ஒன்று. எங்கே போனாலும் ஒரு கூட்ட அறை, திரையில் படங்கள், காபி, குழுப் புகைப்படம். பாதி இடங்கள் ஸ்வீடன் நிறுவனங்களின் கிளைகள்தான். சக மாணவர்கள் அதிகம் கேள்வி கேட்கவில்லை, தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒரு பெண் மட்டும், இயந்திரத்தில் நின்ற தொழிலாளியிடம் பேச வேண்டும் என்றாள். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவர் இரவு ஷிப்டு, பஸ், கான்ட்ராக்ட் என்று நீளமாகப் பேசினார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. 'வேலை பிடித்திருக்கிறதாம்' என்று சொல்லி முடித்துவிட்டேன்.

என் கேள்வி இதுதான். இந்த மாதிரிப் பயணத்தால் யாருக்காவது பயன் உண்டா? இல்லை, படிப்பு என்ற பெயரில் ஊர் சுற்றலா? அடுத்து போக நினைக்கும் ஜூனியர்களுக்கு நான் என்ன சொல்வது?

எம்.

அன்புள்ள எம்.,

ஊர் சுற்றலா படிப்பா என்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. இருபத்துச் சொச்சம் வயதில் ஊர் சுற்றுவதே படிப்புதான், அதுவும் தாங்களே உழைத்துச் சேர்த்த பணத்தில். கூட்ட அறையும் காபியும் எந்த நாட்டு நிறுவனத்துக்குப் போனாலும் இருக்கும், அதற்காக முகம் சுளிக்க வேண்டாம். ஆனால் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒரு மனிதர் நீளமாகப் பேசினார், நீங்கள் அதை ஒரே வரியாக்கினீர்கள், அதுவும் அவர் சொல்லாத ஒரு வரியாக. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நாளாக நான் படித்துக்கொண்டிருப்பதே உங்கள் சக மாணவர்களுக்கு முன்னால் ஆசியாவுக்கு வந்த ஸ்வீடன் மாணவர்களைப் பற்றித்தான். அந்தப் பயணங்களில் என் கண் போய் நிற்பதெல்லாம் இடையில் நின்று பேசியவர்கள் மேல்தான்.

கோத்தன்பர்கில் கால்வாய்க் கரையில் நகர அருங்காட்சியகம் இருக்கிறதே, அந்தக் கட்டடம் ஸ்வீடன் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. 1731இல் தொடங்கிய கம்பெனி. அதன் கப்பல்கள் பெரும்பாலும் போனது சீனாவின் கன்டோனுக்கு (இன்றைய குவாங்சோ), தேயிலையும் பீங்கானும் பட்டும் வாங்கிவர. உப்சாலாவில் பேராசிரியராக இருந்த தாவரவியலாளர் லின்னேயஸ் தன் மாணவர்களை இந்த மாதிரிக் கப்பல்களில் பாதிரியாராகவும் மருத்துவராகவும் ஏற்றிவிட்டார், போகிற இடத்தில் செடி கொடிகளைச் சேகரித்து வரச் சொல்லி. முதலில் கிளம்பியவர் டெர்ன்ஸ்ட்ரோம். 1746இல் புறப்பட்டு அந்த வருடக் கடைசியிலேயே வியட்நாமை ஒட்டிய ஒரு தீவில் இறந்துபோனார். ஊரில் மனைவியும் பிள்ளைகளும். அந்த அம்மா லின்னேயஸைத்தான் குற்றம் சொன்னார், அதற்குப் பிறகு அவர் கல்யாணம் ஆகாதவர்களை மட்டுமே அனுப்பினார். ஒரு நாளில் இரண்டு நிறுவனம் பார்த்ததை அலுப்போடு எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது துன்பெர்கைப் பற்றி. அவரும் லின்னேயஸின் மாணவர். அன்றைக்கு ஜப்பானுக்குள் ஐரோப்பியர் என்றால் டச்சுக்காரர்கள் மட்டும்தான் போக முடியும். அதனால் இவர் முதலில் ஆப்பிரிக்காவின் தென்முனையில், கேப் பகுதியில் மூன்று வருடம் இருந்து டச்சு மொழியைப் பழகினார், டச்சுக்காரர் என்றே நம்பும்படி. அப்புறம் 1775இல் நாகசாகித் துறைமுகத்தில் இருந்த தெஜிமா என்ற செயற்கைத் தீவில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராகப் போய் இறங்கினார். சின்னத் தீவு, ஒரு பாலம், பாலத்தில் காவல். வெளியே போய்ச் செடி பறிக்க ஆரம்பத்தில் அனுமதி கிடைக்கவில்லை. தீவில் இருந்த ஆடுமாடுகளுக்குக் கொண்டுவந்து போடும் தீவனத்தைக் கிளறி, அதில் கிடந்த ஜப்பானியச் செடிகளை எடுத்து உலர்த்தினார். இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், கேட்க நன்றாகவும் இருக்கிறது. அதற்கு அடுத்த கதையைத்தான் குறைவாகச் சொல்கிறார்கள்.

தீவுக்கு நாள்தோறும் வந்துபோன ஜப்பானியர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். அந்த வேலை பரம்பரை பரம்பரையாகச் சில குடும்பங்களில் இருந்தது, அவர்களில் பலர் வைத்தியமும் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் யோஷியோ கோசாகு. அன்று மேகநோய்க்கு ஐரோப்பாவில் பாதரசக் கரைசல் கொடுக்கும் முறை ஒன்று வந்திருந்தது. துன்பெர்க் அதை இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பதிலுக்குச் செடிகள் வந்தன, பெயர்கள் வந்தன, வெளிநாட்டவனுக்குச் சொல்லக் கூடாத செய்திகளும் வந்தன. 1776இல் டச்சுக் கம்பெனித் தலைவரோடு எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குப் போனபோது இரண்டு இளம் மருத்துவர்கள், கட்சுரகவா ஹோஷூவும் நககவா ஜுனானும், அவர் தங்கிய இடத்துக்கே வந்து கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்கள். அவர்கள் இருவருக்கும் டச்சு தெரியும். 1784இல் துன்பெர்க் ஜப்பானியத் தாவரங்களைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார், லின்னேயஸின் இடத்தில் பேராசிரியராகவும் ஆனார். உலகம் அவரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. நான் யோஷியோவை நினைக்கிறேன். இரண்டு பக்கமும் பேச்சைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். தனக்குத் தெரிந்ததில் பாதியை விழுங்கியிருந்தால் துன்பெர்க் தீவனக்கட்டைக் கிளறிவிட்டு ஊர் திரும்பியிருப்பார்.

கன்டோனிலும் இதேதான். வெளிநாட்டு வணிகர்களுக்கு அரசு உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள், அவர்கள் இல்லாமல் ஒரு பெட்டித் தேயிலை நகராது. எத்தனை பேருக்கு அவர்களைத் தெரியும்? அதே காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவிடம் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நமக்குத் தெரியும் என்றால், 1736இலிருந்து 1761 வரை அவர் தானே உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிவைத்தார் என்பதால்தான். எழுதாத துபாஷிகள் எத்தனையோ பேர்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் நான் இளம் வயதில் வேலை பார்த்தேன். ஐரோப்பாவிலிருந்து மாணவர்கள் வருவார்கள், உடை வடிவமைப்புப் படிப்பவர்கள். வழக்கமாக மேலாளர்தான் சுற்றிக் காட்டுவார். ஒருநாள் அவர் இல்லாததால் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெரியவரை அனுப்பினார்கள். அவருடைய ஆங்கிலம் சுமார்தான். ஆனால் கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். செக்கிங் பிரிவில் ஒரு அம்மா பேசப் பேச எழுதிக்கொண்டார், அப்புறம் வரிசையாகச் சொன்னார். நாள் முழுக்க நிற்பது, முழங்கால், ஓவர்டைம் காசு தாமதமாக வருவது, எல்லாவற்றையும். முதலாளி நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அத்தோடு விடாமல் அந்த அம்மாவைப் பார்த்து, 'நீங்க அவங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?' என்றார். இந்தச் சட்டை உங்க ஊர்ல என்ன விலை என்று கேட்டார் அந்த அம்மா. மாணவி சொன்னாள். பெரியவர் அதை ரூபாயில் கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த அம்மா கையிலிருந்த சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பக்கத்து மேசையிலிருந்து நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். அந்த மாணவி கூட்ட அறையில் படம் போட்டபோது எழுதாத அளவுக்கு அங்கே நின்று எழுதினாள். பெரியவரை அதற்கப்புறம் விருந்தினர் பக்கமே விடவில்லை. நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த மொழிபெயர்ப்பாளர் அவர்தான்.

எம்., உங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. சொந்த ஊர், சொந்த மனிதர், சுற்றிலும் வெளிநாட்டு நண்பர்கள், கேட்டுக்கொண்டு நிற்கும் அதிகாரி. அந்த இடத்தில் எந்தப் பையனுக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். யாருடைய மானத்தையோ காப்பாற்றியதாக உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் யாருடைய மானம்? அந்தத் தொழிலாளி வெட்கப்படவில்லை, வெட்கப்பட்டது நீங்கள். இத்தனை நாளில் அவரிடம் யாரும் கேட்காததை ஒரு பெண் வந்து கேட்டிருக்கிறாள், அவரும் உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறார். அதைத் தடுக்க உங்களுக்கு என்ன உரிமை? மாணவர்கள் கேள்வியே கேட்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். கேட்ட ஒரே ஒருத்திக்குப் பதில் போய்ச் சேரவில்லையே! அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது, கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் உங்கள் வகுப்பில்தானே இருக்கிறாள்? நாளைக்கே போய் முழுக்கச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் அவர் பெயரையும் சொல்லுங்கள்.

ஜூனியர்களுக்குச் சொல்ல ஒன்றிரண்டு. போகிற நிறுவனங்களைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஊரிலும் மொழிபெயர்க்கிறவரோடு ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிடட்டும், பயண அறிக்கையில் அவர் பெயரைப் போடட்டும். அப்புறம், பாதி இடங்கள் ஸ்வீடன் நிறுவனங்கள் என்ற குறை எனக்குக் குறையாகத் தெரியவில்லை. சென்னையில் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் மெட்ரோவின் மறுமுனை விம்கோ நகர். விம்கோ என்பது ஸ்வீடனின் தீப்பெட்டிக் கம்பெனி 1923இல் இந்தியாவில் தொடங்கிய நிறுவனம். கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள், பிறகு பல பத்தாண்டுகளுக்கு இந்த இரண்டு தரப்புக்கும் சந்தையில் போட்டி. இதை அந்த ஸ்வீடன் பிள்ளைகளுக்கு அன்று சென்னையில் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். அடுத்த முறை ஒரு மதியத்தைக் காலியாக வைக்கச் சொல்லுங்கள். விம்கோவின் தொழிற்சாலை இருந்த திருவொற்றியூர் போய், அதில் வேலை பார்த்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசட்டும். கூட ஒரு தமிழ் ஆள் வேண்டும். படிப்பு முடியவில்லை என்றால் நீங்களே போங்கள், கையில் ஒரு நோட்டோடு.