எம்டிஎஸ் படிக்கும்போதே ஆராய்ச்சியும் செய்ய முடியுமா?

கேள்வி: பல் மருத்துவப் பட்டப்படிப்பான பிடிஎஸ் முடித்துவிட்டு, பென்னாகரத்தில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தபடி பல் மருத்துவ மேற்படிப்பில் (எம்டிஎஸ்) சேர்வதற்கான நீட் எம்டிஎஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். ஆராய்ச்சியில் ரொம்ப ஆசை. அப்பாவோ, "முதலில் எம்டிஎஸ், பிறகு சொந்த கிளினிக், ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்" என்கிறார். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாதா?
- வாசகி, பென்னாகரம்

பதில்: முடியும்மா. அப்பா சொல்வதில் பாதி சரி, எம்டிஎஸ் முதலில் வரட்டும். ஆனால் அந்த 'அப்புறம்' லேசில் வராது. கிளினிக் போட்டு லோன் கட்ட ஆரம்பித்துவிட்டால் ஆராய்ச்சிக்கு உட்கார நேரம் ஏது?

இங்கிலாந்தில் அகாடமிக் கிளினிக்கல் ஃபெல்லோ என்று ஒரு பயிற்சி உண்டு. சிறப்புப் பயிற்சியில் இருக்கும் டாக்டருக்கும் பல் டாக்டருக்கும் வேலை நேரத்தில் கால் பங்கை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிவிடுவார்கள். இங்கே நம் கையில் இருப்பது எம்டிஎஸ் படிப்பில் எழுத வேண்டிய ஆய்வேடு, அதாவது தீசிஸ்தான். மூன்று வருடப் படிப்பில் அதன் தலைப்பை ஆரம்பத்திலேயே கொடுக்க வேண்டும் என்பதால், வந்த புதிதில் ஒன்றும் புரியாமல் சீனியர் காட்டும் ஏதோ ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன். அக்கறையே இல்லாத ஒன்றை அளந்து, பைண்டிங் செய்து கொடுத்துவிட்டு மறந்தேன், இன்றும் உறுத்துகிறது.

உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம். உங்கள் கிளினிக் நாற்காலியில் வந்து உட்காரும் பிள்ளைகளின் முன்பல்லைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள், சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைக் கோடு, சிலருக்கு அதன்மேல் பழுப்புக் கறை. போர் தண்ணீரின் ஃபுளோரைடு செய்த வேலை. பல்லின் மேல்பூச்சான எனாமல் உருவாகும் சின்ன வயதில் குடித்த தண்ணீர்தான் அந்தக் கறையைப் போடும், வளர்ந்தபின் குடிப்பது அல்ல. உங்கள் பக்கத்து ஊர்களுக்குக் காவிரி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது 2013-ல். அப்படியென்றால் ஒரே வீட்டில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த அக்காவுக்கும், ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த தம்பிக்கும் கறையில் எவ்வளவு வித்தியாசம்? ஃபுளோரைடு கறை எவ்வளவு என்று தரம் பிரிக்கும் டீன் அளவுகோலில் மதிப்பெண் போட்டு, ஊருக்கு ஊர் தண்ணீர் எந்த வருடம் வந்தது, சமையலுக்கு இன்னும் போர்தானா என்றும் விசாரித்தால் நல்ல தீசிஸ் ஆகிவிடும். பப்ளிக் ஹெல்த் டென்டிஸ்ட்ரியோ (சமூகப் பல் மருத்துவம்) குழந்தைகள் பல் மருத்துவமோ, எதில் சீட் கிடைத்தாலும் பொருந்தும்.

நோயாளிகளிடம் தகவல் சேகரிப்பதை மட்டும் ஆராய்ச்சி நெறிகளைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வந்தபிறகு தொடங்குங்கள். இப்போதைக்கு ஒரு நோட்டு வாங்கி, மனதில் தோன்றும் கேள்விகளைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், தீசிஸுக்கு வழிகாட்டும் கைடு முன்னால் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்காது.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: எம்டிஎஸ் முடித்துக் கல்லூரி வேலையில் சேர்ந்தால் பகுதிநேரமாக பிஎச்டி செய்யலாம், கல்லூரி விதி அனுமதித்தால் சாயங்காலம் கிளினிக்கும் பார்க்கலாம்.