யுஎஸ்பி சீரியல் அடாப்டர் மாட்டியும் டிரான்ஸீவர் கணினிக்குப் பதில் தராதது ஏன்?

கேள்வி கேட்டவர் ஒரு ஹாம், அதாவது அமெச்சூர் வானொலியாளர்; டிரான்ஸீவரை (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ கருவி) கணினியோடு இணைக்கிறார். அவருக்கு இரண்டு சிக்கல்கள். அடாப்டரை மாற்றிப் பார்த்த பிறகும் லாகிங் மென்பொருளில் (தொடர்புகளைப் பதிவு செய்யும் மென்பொருள்) அதிர்வெண் வரவில்லை. மென்பொருளைத் திறந்ததும் சில நேரங்களில் டிரான்ஸீவர் தானாகவே டிரான்ஸ்மிட் நிலைக்குப் போய்விடுகிறது. இன்னும் விலை கூடிய அடாப்டரை வாங்கலாமா என்கிறார். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். இவை இரண்டும் பெரும்பாலும் அடாப்டரின் தரத்தால் வருபவை அல்ல.

முதலில் மின்னழுத்த மட்டத்தைப் பாருங்கள். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத பல இணைப்புகள் சீரியல் என்ற ஒரே பெயரில் புழங்குகின்றன. கென்வுட் டிஎஸ்-2000 கருவியின் பின்புறம் உள்ள ஒன்பது பின் இணைப்பு முறையான ஆர்எஸ்-232 (கணினியின் பழைய சீரியல் போர்ட்டின் தரம்) ஆகும். அதில் தரவு ஓடாதபோது கம்பி எதிர்மின்னழுத்தத்தில் நிற்கும். யேசு (Yaesu) நிறுவனத்தின் எஃப்டி-817 கருவியின் எட்டு பின் மினி டின் சாக்கெட்டில் வருவதோ 0 முதல் 5 வோல்ட் வரையிலான டிடிஎல் சிக்னல். அங்கே ஓய்வு நிலை என்பது உயர்மின்னழுத்தம். ஆகவே ஒன்பது பின் கொண்ட ஆர்எஸ்-232 அடாப்டரை எஃப்டி-817 கருவியில் நேரடியாக இணைத்தால் சிக்னல் தலைகீழாகப் போவதோடு, பிளஸ் மைனஸ் இரு பக்கமும் ஆடும் அந்த மின்னழுத்தம் கருவியின் உள்ளீட்டையே பழுதாக்கக்கூடும். அதற்கு டிடிஎல் அடாப்டரோ, இடையில் மேக்ஸ்232 போன்ற மட்டமாற்றிச் சிப்போ தேவை. ஐகாம் நிறுவனக் கருவிகளின் சிஐ-வி என்ற கட்டுப்பாட்டு இணைப்பு மூன்றாவது வகை: அனுப்புவதும் பெறுவதும் ஒரே கம்பியில் நடக்கும். ஐசி-7300 போன்ற கருவிகளில் யுஎஸ்பி சீரியல் சிப் உள்ளேயே இருப்பதால் அவற்றுக்குத் தனி அடாப்டரே வேண்டாம்.

மட்டம் பொருந்துகிறது என்றால், கருவியைத் தொடாமல் அடாப்டரை மட்டும் சோதித்துவிடலாம். ஒன்பது பின் அடாப்டரில் 2, 3 ஆகிய இரு பின்களையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். டெர்மினல் மென்பொருளில் ஃப்ளோ கன்ட்ரோலையும் லோக்கல் எக்கோவையும் அணைத்துவிட்டு ஏதேனும் தட்டச்சு செய்யுங்கள். தட்டிய எழுத்து திரையில் தோன்றினால் அடாப்டரும் டிரைவரும் நன்றாக இருக்கின்றன. தேட வேண்டியது அமைப்புகளில்தான். எஃப்டி-817 ஒவ்வொரு பைட்டின் முடிவிலும் இரண்டு ஸ்டாப் பிட்டுகளை எதிர்பார்க்கும். கென்வுட் கருவிகள் தரவு அனுப்பலாமா என்று சொல்லும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகளைப் பார்த்தே (இதுவே ஹேண்ட்ஷேக்) பேசும் என்பதால், மூன்று கம்பி மட்டும் உள்ள கேபிளில் அவை மௌனம் காப்பதுண்டு. சிஐ-வியில் வேறொரு பொறி இருக்கிறது: கணினி அனுப்பியது அதே கம்பி வழியாகக் கணினிக்கே திரும்பி வரும். அதைக் கருவியின் பதில் என்று எண்ணிக்கொண்டு பலர் மணிக்கணக்கில் வேறெங்கோ தேடுகிறார்கள். தரவை ஹெக்ஸ் வடிவில் பாருங்கள். எஃப்இ எஃப்இ என்ற இரு பைட்டுகளை அடுத்து இ0 என்ற கணினியின் முகவரி வந்தால்தான் அது கருவி தந்த பதில். அங்கே கருவியின் முகவரியே (ஐசி-7300 என்றால் 94) இருந்தால், நீங்கள் பார்ப்பது உங்கள் கட்டளையின் எதிரொலி மட்டுமே.

இனி, தானாக டிரான்ஸ்மிட் ஆகும் விஷயம். பழைய சீரியல் போர்ட்டில் மோடத்துக்காக வைக்கப்பட்ட ஆர்டிஎஸ், டிடிஆர் ஆகிய இரு கம்பிகளையும் ஹாம்கள் பிடிடி (கருவியை டிரான்ஸ்மிட் நிலைக்கு மாற்றும் சுவிட்ச்) இயக்கவும் மோர்ஸ் கீயிங் செய்யவும் பயன்படுத்துகிறோம். ஆனால் போர்ட்டைத் திறக்கும் கணத்திலேயே அவ்விரண்டையும் உயர்த்திவிடுவது பல மென்பொருள்களின் வழக்கம். லினக்ஸின் இயல்பான நடத்தையும் அதுவே. லினக்ஸில் மோடம்மேனேஜர் என்ற பின்னணிச் சேவை, புதிதாக மாட்டிய போர்ட்டில் மோடம் இருக்கிறதா என்று தானே திறந்து பார்ப்பதும் உண்டு. எனவே மென்பொருளில் ஆர்டிஎஸ், டிடிஆர் இரண்டையும் அணைத்துவிட்டு, பிடிடியைக் கேட் (CAT) கட்டளை, அதாவது கணினி சீரியல் தரவாக அனுப்பும் கட்டளை, வழியாக இயக்குவதே என் விருப்பம். ஐசி-7300 என்றால் அதன் மெனுவில் யுஎஸ்பி செண்ட் என்ற அமைப்பை (ஆர்டிஎஸ், டிடிஆர் வழியாக டிரான்ஸ்மிட் செய்ய விடுவது) அணைத்து வைக்கலாம். ஹேண்ட்ஷேக் கேட்கும் கென்வுட் கருவியில் மட்டும் ஆர்டிஎஸ் கம்பியை அதற்கே விட்டுவிட வேண்டும். எப்படியானாலும், ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வெப்பமாக்கும் மின்தடை) மாட்டிய பிறகே இதைச் சோதியுங்கள்.

அடாப்டருக்குள் இருக்கும் சிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஃப்டிடிஐ சிப்புக்குப் போலிகள் ஏராளம். 2014இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த ஒரு டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கி அவற்றைச் செயலிழக்கச் செய்தது. பிஎல்2303 சிப்பின் போலிகளையும் பழைய வகைகளையும் புதிய டிரைவர்கள் ஏற்பதில்லை. அசல் எஃப்டிடிஐ அல்லது சிபி2102 கிடைத்தால் போதும். சீரியல் எண் இல்லாத சிஎச்340 அடாப்டரை வேறு யுஎஸ்பி துளைக்கு மாற்றினால் விண்டோஸ் அதற்குப் புதிய காம் (COM) போர்ட் எண்ணைத் தரும் என்பதால், அதை ஒரே துளையில் வைத்திருங்கள்.

டிரான்ஸ்மிட் செய்யும்போது மட்டும் யுஎஸ்பி இணைப்பு அறுந்தால் அடாப்டரைக் குறை சொல்வதற்கு முன் திறனைக் குறைத்துப் பாருங்கள். 5 வாட்டில் நிலைத்து நின்று 100 வாட்டில் அறுந்தால், கேபிளின் வெளிப்புறத்தில் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) மின்னோட்டம் ஏறுகிறது என்று பொருள். யுஎஸ்பி கேபிளைக் குட்டையாக்கி, 31 வகை ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றுங்கள்; அதோடு ஆன்டெனாவோடு கேபிள் சேரும் ஃபீட் பாயின்ட்டில், கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு காமன் மோட் சோக்கும் வையுங்கள். யுஎஸ்பி ஐசொலேட்டர் (இரு பக்கத்தையும் மின்சார ரீதியாகப் பிரிக்கும் சாதனம்) வாங்குவது அதற்கும் அடங்காதபோது செய்ய வேண்டியது.