திகில் கதைகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் 'ஹாலி' நாவலைச் சிலர் கொண்டாட, சிலர் ஏன் பாதியிலேயே மூடிவைக்கிறார்கள்?

சண்டையில் பெரும்பகுதி பயத்தைப் பற்றியதே அல்ல, கொரோனாவைப் பற்றியது. 2023இல் வெளிவந்த இந்த நாவலின் கதை 2021இல் நடக்கிறது. துப்பறிவாளர் ஹாலி கிப்னியின் தாய் தடுப்பூசியை நம்பாமல், கொரோனாவிலேயே இறந்துபோகிறார். முகக்கவசம், தடுப்பூசி, டிரம்ப் என்று பேச்சு அடிக்கடி அங்கேயே திரும்புகிறது. அமெரிக்காவில் குடும்பங்களையே பிரித்த விஷயங்கள் இவை. மாற்றுக் கருத்துள்ள வாசகர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. கிங்கின் அரசியலோடு உடன்படுகிற எனக்கே, ஒவ்வொரு சந்திப்பிலும் வரும் முழங்கை வணக்கமும் தடுப்பூசி விசாரிப்பும் அலுத்துவிட்டன.

இன்னொரு குறை, பேய் இல்லை என்பது. கொலையாளிகள் யாரென்றும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்: மனித மாமிசம் தங்கள் முதுமை வலிகளைத் தீர்க்கும் என்று நம்பும் வயதான பேராசிரியத் தம்பதி. கிங்கின் அமானுஷ்ய நாவலான 'இட்' போன்ற ஒன்றை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். எனக்கோ அவர்களுடைய பண்பான பேச்சுதான் வயிற்றைக் கலக்கியது.

'மிஸ்டர் மெர்சிடிஸ்' நாவலில் (2014) ஹாலி அறிமுகமானதிலிருந்து தொடர்ந்து படித்து வருபவர்களே இதை அதிகம் ரசிக்கிறார்கள். கிங்கைப் புதிதாகப் படிப்பவர் என்றால் இதில் தொடங்காதீர்கள்.